வீட்டு மீடியா சர்வர் மக்கர் செய்தால்: டிஸ்க்கில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் கடல்காற்று நேராக ஹாலுக்குள் நுழையும். அந்த ஹாலில், டிவிக்குப் பக்கத்து அலமாரியில், ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, டெபியன் லினக்ஸ், 4 டிபி டிஸ்க் நான்கு, எம்டிஏடிஎம் என்ற கருவி கொண்டு கட்டிய ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாக்கும் தொகுப்பு), மேலே படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின். நான்கு டிஸ்க்கில் மூன்றின் அளவுதான் நமக்கு, அதாவது 12 டிபி. ஒன்றின் அளவு பாரிட்டிக்குப் போய்விடும், அதாவது ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் தகவலுக்கு. ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும், இரண்டு செத்தால் தாங்காது.

சினிமாவுக்காக நான் இவ்வளவு மெனக்கெடவில்லை. அப்பா அம்மா கல்யாணக் கேசட், எங்கள் தெரு கேரம் போட்டிகள், தாத்தா பேசிய ஒரே ஒரு ஆடியோ, எல்லாம் இதற்குள் இருக்கிறது. அதனால் சர்வர் படுத்தால் எனக்குப் பதறும். அந்தப் பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் பல நேரம் டேட்டா போகக் காரணம். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் வீடுகளையும் சேர்த்து ஆறு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். "டிஸ்க் போச்சு" என்று வந்த அழைப்புகளில் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருந்தது. கேபிள், கரண்ட், உப்பு, சூடு இந்த நான்கில் ஒன்றுதான் காரணம்.

எந்தக் கோளாறானாலும் முதல் பத்து நிமிடம் எதையும் எழுதாதீர்கள், வெறுமனே படியுங்கள். தொகுப்பின் நிலையைக் காட்டும், ப்ராக் அடைவில் (ஃபோல்டரில்) உள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பாருங்கள். பிறகு எம்டிஏடிஎம் கட்டளையை டீடெய்ல் விருப்பத்தோடு தொகுப்பின் மேலும், எக்ஸாமின் விருப்பத்தோடு ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஓட்டுங்கள். திரையை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த டிஸ்க் எத்தனையாவது இடம், சங்க் அளவு (டேட்டாவைப் பிரித்து எழுதும் துண்டின் அளவு) என்ன, டேட்டா எங்கே தொடங்குகிறது எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். நாளைக்கு நிலைமை மோசமானால் அந்த ஒரு படம்தான் காப்பாற்றும்.

நான்கு யூ வர வேண்டிய இடத்தில் ஒரு அடிக்கோடு வருகிறது

எம்டிஸ்டாட்டில் ஒவ்வொரு நல்ல டிஸ்க்குக்கும் ஒரு யூ எழுத்து. அடிக்கோடு இருந்தால் அந்த இடத்து டிஸ்க்கைத் தொகுப்பு வெளியே தள்ளிவிட்டது என்று அர்த்தம். படம் ஓடும், எல்லாம் திறக்கும், ஆனால் காப்பு இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இது நடந்தபோது அன்று மாலையே ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புது டிஸ்க் வாங்கி மாட்டினேன். புது டிஸ்க்கை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு நிரப்பும் ரீபில்டு பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் அந்தப் புது டிஸ்க்கும் விழுந்தது. கழற்றிப் பார்த்தால் சாட்டா பவர் கனெக்டருக்குள் இருந்த பித்தளைத் தகடுகளில் பச்சை படிந்திருந்தது. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகிறதோ, அதுதான் அந்தத் தகட்டுக்கும் ஆகிறது. பழைய டிஸ்க் இன்றும் வேறொரு சர்வரில் ஓடுகிறது.

அதனால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொண்டு, டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் எண்களை முதலில் எடுங்கள். வரிசை எண் 5 என்பது ஏற்கனவே மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்). 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். 198 என்பது டிஸ்க் தானே சோதித்தபோது படிக்க முடியாமல் போனவை. இந்த மூன்றும் சுழியமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால் டேட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். 199 என்பது கேபிள் வழியே போகும்போது சிதைந்த தகவலின் எண்ணிக்கை. அது ஒருபோதும் குறையாது. ஆகவே இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றிய பிறகு ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பவர் கனெக்டரைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. வரிசை எண் 12 டிஸ்க்குக்கு எத்தனை முறை கரண்ட் வந்தது என்று எண்ணும். நான்கு டிஸ்க்கும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் ஒரே பெட்டியில், இருப்பதால் நான்கிலும் அது ஒன்றாகவே ஏற வேண்டும். ஒரு டிஸ்க்கில் மட்டும் தனியாக ஏறியிருந்தால், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த டிஸ்க்குக்கு மட்டும் கரண்ட் விட்டு விட்டு வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வீணாக ஒரு டிஸ்க் கூட வாங்கவில்லை.

கனெக்டர் என்று தெரிந்தால் மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டாதீர்கள், மேலே இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு போய்விட்டால் பிறகு இன்னும் வேகமாக அரிக்கும். கேபிள் விலை குறைவு, மாற்றிவிடுவதே நல்லது. பிறகு எம்டிஏடிஎம்மில் ரீ-ஆட் விருப்பத்தால் அதே டிஸ்க்கைச் சேருங்கள். எம்டிஸ்டாட்டில் பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) என்ற வரி இருந்தால், இடையில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதிச் சில நிமிடங்களில் முடித்துவிடும். அந்த வரி இல்லையென்றால், தொகுப்பு சரியான பிறகு குரோ விருப்பத்தின் வழியே உள் பிட்மேப்பைச் சேர்த்துவிடுங்கள்.

197 ஏறியிருந்தால் டிஸ்க்கே நோயாளி. ஆனால் இன்னும் உயிரோடு இருப்பதால் அதை வெளியே தள்ளாதீர்கள். புது டிஸ்க்கை ஐந்தாவதாக மாட்டி, ரீபிளேஸ் விருப்பம் கொடுங்கள். பழைய டிஸ்க்கிலிருந்து நேராகப் புதியதற்கு நகல் எடுக்கும், படிக்க முடியாத இடத்தை மட்டும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு எழுதும். இந்த வழியில் காப்பு ஒரு நிமிடம் கூட விலகாது. பழையதைக் கழற்றிவிட்டு ரீபில்டு செய்யும்போது மீதி மூன்றும் ஒரு பிசகு இல்லாமல் கடைசிவரை படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்தில் இன்னொன்றில் ஒரு கெட்ட செக்டார் வந்தாலும் சிக்கல்தான்.

டிஸ்க் நன்றாக இருந்தும், கேபிள் நன்றாக இருந்தும் மாதம் ஒருமுறை வெளியேறுகிறதா? சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், படிக்க முடியாத செக்டாரை மீண்டும் மீண்டும் முயன்று சில நேரம் இரண்டு நிமிடம் கூட மௌனமாக இருக்கும். லினக்ஸ் கெர்னல் 30 விநாடிதான் பொறுக்கும், பிறகு இணைப்பை ரீசெட் செய்யும். டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று தொகுப்பு அதை விலக்கிவிடும். ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடி இஆர்சி மதிப்பை, அதாவது டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்ற வரம்பை, 70,70 என்று வையுங்கள் (விநாடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு). 7 விநாடியில் முயற்சியை நிறுத்திப் பிழை சொல்லிவிடும், தொகுப்பும் அந்த இடத்தைப் பாரிட்டியிலிருந்து சரிசெய்துகொள்ளும். டிஸ்க் இதை ஏற்காவிட்டால், சிஸ் அடைவில் அந்த டிஸ்க்கின் டைம்அவுட்டை 180 விநாடியாக உயர்த்துங்கள். இவை இரண்டும் மறுபடி ஆன் செய்யும்போது பழைய நிலைக்குத் திரும்பக்கூடியவை, ஆகவே டிஸ்க் தெரிந்ததும் தானே ஓடும் யூடெவ் விதியில் எழுதி வைக்க வேண்டும்.

கழற்றும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பவே நம்பாதீர்கள், அது ஒவ்வொரு முறையும் மாறலாம். சீரியல் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு டிஸ்க்கின் முனையிலும் ஒட்டிவிடுங்கள். கெட்டதை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றிய வீடு ஒன்றுக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போயிருக்கிறேன். புதிதாக வாங்கும்போது தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறியபடி எழுதும் எஸ்எம்ஆர் வகை வேண்டாம், தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க் ரீபில்டில் நாள் கணக்கில் இழுக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் போய்விட்டது

உட்காருங்கள். எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். ஒரே நொடியில் இரண்டு டிஸ்க் சாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் பவர் ஸ்பிளிட்டரோ சாட்டா கார்டோதான் அநேகமாகக் காரணம். எக்ஸாமின் வெளியீட்டில் தொகுப்பின் நிலை மாறும்போது ஏறும் ஈவென்ட்ஸ் என்ற எண்ணை நான்கு டிஸ்க்கிலும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறியதாக இருந்தால், கேபிளைச் சரிசெய்த பிறகு அசெம்பிள், ஃபோர்ஸ் இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் தொகுப்பு எழுந்துவிடும். எழுந்ததும் முதலில் படிக்க மட்டுமான முறையில் மவுண்ட் செய்து (அடைவாகத் திறந்து) முக்கியமானதை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். கிரியேட் விருப்பத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம். டிஸ்க் வரிசையோ டேட்டா தொடங்கும் இடமோ ஒன்று பிசகினாலும் இருப்பதன் மேலேயே எழுதிவிடும்.

கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் எழவில்லை

போன மழைக்காலத்தில் திருவொற்றியூரிலிருந்து தங்கச்சி முறையாகிறவள் கூப்பிட்டாள். "அண்ணா, கரண்ட் வந்துடுச்சு, ஆனா கறுப்பு ஸ்கிரீன்ல எமர்ஜென்சி மோட்னு ஏதோ வருது. எல்லாம் போச்சா?" ஒன்றும் போகவில்லை. எஃப்எஸ்டேப் கோப்பில் தொகுப்பை மவுண்ட் செய்யச் சொல்லியிருக்கிறோம். தொகுப்பு வரவில்லை. கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு நின்றுவிட்டது, அவ்வளவுதான். லைவ் யூஎஸ்பி (லினக்ஸை நேராக ஓட்டும் பென்டிரைவ்) போட்டு அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்தால் தொகுப்பு வராவிட்டாலும் சர்வர் எழும். பிறகு நிதானமாகக் காரணம் தேடலாம். அதே வரியில் எம்டி0 என்ற பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி இருக்கட்டும்.

தொகுப்பு எம்டி127 என்ற பெயரில் வந்து நிற்கிறது என்றால், தொடக்க வட்டுப் படிமத்துக்குள் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஏறும் கோப்பு) உங்கள் தொகுப்பின் விவரம் இல்லை. டீடெய்ல், ஸ்கேன் இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் வரும் வரியை எம்டிஏடிஎம்.கான்ஃப் கோப்பில் போட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிவிட்டால் பெயர் சரியாகும்.

இதெல்லாம் முதலுதவி. நோய் கரண்டில் இருக்கிறது. எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது, "யூபிஎஸ் தனியா எதுக்கு?" என்று கேட்பார்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் பல மாடல்களில் இருக்கும். அது நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் விளக்குக்கும் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் தேக்கி வைத்திருக்கும் கரண்ட் முழுச் சுமையில் 16 மில்லிவிநாடி அளவுக்குத்தான் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். பலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. ஆனாலும் பேட்டரி தீரும்போது சர்வருக்குச் சொல்ல இன்வெர்ட்டருக்கு வாய் கிடையாது. யூஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி, நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் நிறுவினால், பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். ரெய்டு 5க்கு இது ஆடம்பரம் அல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டா ஒன்றும் பாரிட்டி ஒன்றுமாக நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு டிஸ்க்கும் இல்லாமல் போனால் தொகுப்பு எழ மறுக்கும்.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது, ஆனால் படங்களைக் காணோம்

நோஃபெயில் போட்டதன் பக்கவிளைவு இது. தொகுப்பு மவுண்ட் ஆகாமல் சர்வர் எழுந்துவிட்டது. ஆனால் கோப்பை இறக்கும் நிரல் அதே அடைவுக்குள் எழுதிக்கொண்டே போகிறது, அது எல்லாம் சின்ன எஸ்எஸ்டியில் போய் உட்காருகிறது. தொகுப்பை மவுண்ட் செய்யாத நிலையில், அந்த வெறும் அடைவின் மேல் சிஎச்ஏடிடிஆர் கட்டளையால் மாற்றத்தைத் தடுக்கும் ஐ கொடியைப் போட்டுவிட்டால் அதற்குள் யாராலும் எழுத முடியாது. மவுண்ட் ஆனதும் வழக்கம்போல வேலை செய்யும்.

தொகுப்பிலேயே இடம் குறைவாகக் காட்டினால், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கி வைப்பதை நினைவில் கொள்ளுங்கள். 12 டிபியில் அது 600 ஜிபி. டியூன்2எஃப்எஸ் மூலம் 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் படம் திக்குகிறது

டெபியன், மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் தொகுப்பு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும். 4 டிபி டிஸ்க்கில் விநாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தாலும் ஏழரை மணி நேரம் ஆகும், நடுவில் யாராவது படம் பார்த்தால் இன்னும் நீளும். இதை நிறுத்திவிடாதீர்கள். யாரும் திறக்காத பழைய கோப்பில் கெட்டுப்போன செக்டாரைக் கண்டுபிடிப்பது இந்தச் சோதனைதான். ப்ராக் சிஸ் டெவ் ரெய்டு அடைவில் ஸ்பீட்_லிமிட்_மேக்ஸ் மதிப்பைக் குறைத்தால் போதும்.

தினமும் திக்குகிறது

ஈதர்டூல் கட்டளையால் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் டிஸ்க்கையும் ரெய்டையும் மறந்துவிடுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். உப்பேறிய ஆர்ஜே45 முனையில் ஒரு ஜோடி போனாலும் 100க்கு இறங்கிவிடக்கூடும். சாதாரணப் படத்துக்கு அது போதும், 4கே கோப்பின் கனமான காட்சிகளில் மூச்சு முட்டும். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள்.

வேகம் சரியாக இருந்தால் ஜெல்லிஃபின் கோப்பை டிரான்ஸ்கோடு செய்கிறதா (டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுகிறதா) என்று டாஷ்போர்டில் பாருங்கள். செய்கிறது, பிராசசரும் நூறு சதவீதம் காட்டுகிறது என்றால் அந்த வேலையை கிராபிக்ஸ் பகுதி எடுத்துக்கொள்ளும் வன்பொருள் முடுக்கம் வேலை செய்யவில்லை. ஜெல்லிஃபின் பயனர் ரெண்டர் குழுவில் சேர்க்கப்படாததே வழக்கமான காரணம். 10 பிட் எச்இவிசி (ஒரு வீடியோ சுருக்க வடிவம்) கோப்புகளை இன்டெல் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் வன்பொருளே முழுதாகக் கையாளும், ஆறாம் தலைமுறை வைத்திருப்பவர்கள் நேராக ஓட்டும் டிவி பெட்டியைத் தேடுவது உத்தமம்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது, தமிழ்ப் பெயருள்ள கோப்பு நகல் ஆகவில்லை

கட்டம் வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. லோஹித் தமிழையோ நோட்டோ சான்ஸ் தமிழையோ நிறுவுங்கள். டாக்கரில் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓட்டுபவர்கள் எழுத்துருவைக் கன்டெய்னருக்குள் தர வேண்டும், வெளியே நிறுவிப் பயனில்லை. கட்டத்துக்குப் பதில் வாயில் நுழையாத லத்தீன் குறிகள் வந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய கோப்பு. டிஸ்கி குறியேற்றமென்றால் லினக்ஸில் ஏற்கனவே இருக்கும் ஐகான்வ் கட்டளையே மாற்றித் தந்துவிடும். டேப், டேம் குறியேற்றங்களுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவி வேண்டும்.

கோப்புப் பெயர் விஷயம் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு வரும் வலி. ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை. இஎக்ஸ்டி4ல் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். மெய்யின் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். "தண்டையார்பேட்டை" கண்ணுக்கு எட்டு எழுத்து, கம்ப்யூட்டருக்குப் பதினைந்து குறி, 45 பைட். ஆக மொத்தம் 85 குறிகள்தான் ஒரு பெயரில் அடங்கும். "பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசம்" என்று தொடங்கி ஊர், தேதி, யார் யார் வந்தார்கள் என்று எழுதிக்கொண்டே போனால், விண்டோஸில் சேமித்த பெயரை லினக்ஸ் மறுக்கும், நகல் பாதியில் நிற்கும். பெயரைச் சுருக்கி, விவரத்தை அடைவின் பெயரில் வையுங்கள்.

இதைவிட நுட்பமானது ஒன்று. "கொடி" என்று ஒரே பெயரில் இரண்டு அடைவுகள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், ஒன்றில் படம் இருக்கும், மற்றதில் இருக்காது. கொகரத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. பழைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து வந்த கோப்புகளில் இது சகஜம். கான்வ்எம்வி கட்டளையை என்எஃப்சி விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். முதலில் அது ஒத்திகை மட்டும் பார்க்கும், திருப்தியானதும் நோடெஸ்ட் கொடுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டுகிறது

45க்குள் இருந்தால் கவலையில்லை, 50ஐத் தாண்டினால் காற்று போகவில்லை. மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வலைத் தடுப்பில் கறுப்பாக ஒரு படலம் சேரும், மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அதற்காகக் கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வைத்துவிடாதீர்கள். தரையிலும் வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கீழ்வீட்டுக்காரர்கள் பட்டதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தண்ணீர் பட்ட டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்துச் சோதிக்கவும் கூடாது.

கை தவறி அழித்துவிட்டேன்

இதற்கு ரெய்டில் மருந்து இல்லை. அழித்த அதே நொடியில் நான்கு டிஸ்க்கிலும் அழிந்துவிடும். உடனே தொகுப்பை அன்மவுண்ட் செய்து, இரண்டாவது பிரதியிலிருந்து எடுக்க வேண்டும். என் இரண்டாவது பிரதி பெரம்பூரில் அக்கா வீட்டு பீரோவில் ஒற்றை 4 டிபி டிஸ்க்காக இருக்கிறது. சினிமா எதுவும் அதில் கிடையாது, கேசட்டிலிருந்து எடுத்தவையும் தாத்தா குரலும் மட்டும்தான். மாதம் ஒருமுறை கொண்டுவந்து மாறியதை மட்டும் நகல் எடுக்கும் ஆர்சிங்க் ஓட்டுகிறேன், டெலீட் விருப்பம் போடாமல். ஓட்டி முடித்ததும் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து அம்மாவைப் பார்க்கச் சொல்வேன். போன மாதம் அவர் கல்யாணத்தையே கேட்டார், முழுசாக ஒன்றரை மணி நேரம் ஓடியது. மறுநாள் டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டு பெரம்பூருக்கு எடுத்துப் போனேன்.